எத்தனை மணி நேரம், யார் பார்வையில்?
குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் கல்வி பற்றிய உரை

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்றொரு பணி அறுபது ஆண்டுகளாக இருந்து வருகிறது. நர்ஸாகப் படித்து உரிமம் பெற்ற ஒருவர், அதற்கு மேலும் படித்து, குழந்தையைத் தாமே பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதி, அதன் வளர்ச்சியையும் தடுப்பூசிகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வரும் பணி அது. அந்த மேற்படிப்பு எப்படி அமைய வேண்டும் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, உண்மையான குழந்தைகளைப் பற்றி மாணவர் தாமே எடுக்கும் முடிவுகள்தாம் அவரை அந்தப் பணிக்குத் தகுதியாக்குகின்றன. இந்த அறுபது ஆண்டுகளில் படிப்பின் பெயர் சான்றிதழிலிருந்து முதுகலைக்கும், முதுகலையிலிருந்து முனைவர் பட்டத்துக்கும் உயர்ந்திருக்கிறது. குழந்தைகளோடு கழியும் நேரம் அந்த அளவுக்கு உயரவில்லை. இதே வகைப் படிப்புகளைத் தொடங்கியிருக்கும் நம் நாடு அந்த வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

தொடக்கம் 1965-இல், டென்வர் நகரில். கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியப் பேராசிரியரும், ஹென்றி சில்வர் என்ற குழந்தைநல மருத்துவரும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். ஃபோர்டு அதற்கு முன் போல்டர் பகுதியில் பொதுச் சுகாதார நர்ஸாகப் பணிபுரிந்தவர். கொலராடோவின் கிராமப்புறங்களில் மருத்துவர் எப்போதாவது வருவார். நர்ஸ் எப்போதும் இருப்பார். குழந்தைகளை எடை பார்ப்பதும், தாய்மாருக்கு ஆலோசனை சொல்வதும், எந்தக் குழந்தையை உடனே நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஊகிப்பதும் அந்த நர்ஸ்தான். ஆக, முடிவெடுக்கும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்குரிய பயிற்சியும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. ஃபோர்டும் சில்வரும் செய்தது அந்த வேலைக்கு முறையான அடித்தளம் போட்டதுதான். பட்டம் பெற்று, பணி அனுபவமும் உள்ள நர்ஸ்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு மாதம் மருத்துவமனையிலும் வெளிநோயாளர் பிரிவிலும் தீவிரப் பயிற்சி. காதுக்குள் பார்க்கும் கருவியையும் ஸ்டெதஸ்கோப்பையும் பிடிப்பதிலிருந்து, குழந்தையின் உடல்நல வரலாற்றை முழுமையாகக் கேட்டு எழுதுவது, வளர்ச்சிப் படிகளை மதிப்பிடுவது வரை அதில் அடக்கம். அதன்பின் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் இருந்த நிலையங்களில் களப்பணி. மருத்துவரோடு தொலைபேசியிலும் நேரிலும் தொடர்ந்த கலந்தாலோசனை.

நான்கு மாதம் என்பது இன்று கேட்கும்போது துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால் அந்த நான்கு மாதத்துக்கு முன்பே ஒவ்வொரு நர்ஸிடமும் ஆண்டுக்கணக்கான பணி அனுபவம் இருந்தது. அதன்பின் நீண்ட களப்பணியும் இருந்தது. அப்படி உருவானவர்களின் பரிசோதனை நம்பத்தக்கதா என்று கொலராடோவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே குழந்தைகளை நர்ஸ் பிராக்டிஷனரும் குழந்தைநல மருத்துவரும் தனித்தனியே பரிசோதித்தார்கள். 1971-இல் வெளியான அந்த ஒப்பீட்டில், இருவரின் கணிப்புகளும் பொருட்படுத்தத்தக்க அளவுக்கு வேறுபட்ட இடங்கள் மிகச் சிலவே. இன்னொன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். அன்று கடுமையான எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. செவிலியக் கல்வியின் உள்ளேயிருந்தே வந்தது. நர்ஸ்கள் மருத்துவத்தின் பக்கம் இழுக்கப்படுகிறார்கள், செவிலியத்தின் தனித்தன்மை கரைந்துபோகும் என்று பெயர்பெற்ற பேராசிரியர்களே வாதிட்டார்கள். ஃபோர்டு அசையவில்லை. பின்னாளில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகச் செவிலியப் பள்ளியின் முதல் தலைவரான அவர், 2025 ஜனவரியில் தம் 104-ஆம் வயதில் மறைந்தபோது, அவர் தொடங்கிவைத்த பணியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் இருந்தார்கள்.

குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி எதற்கு, பொதுவான நர்ஸ் பிராக்டிஷனர் போதாதா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கான விடையில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறு பதிப்பு ஆகாது. பிறந்த குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிர்ச்சி அடையாதவை. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் வாரத்துக்கு வாரம் மாறும். இதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. குளோராம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பச்சிளங் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, அவர்களின் கல்லீரல் அதைக் கையாள முடியாமல், உடல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தன. 1950-களின் இறுதியில்தான் அதன் காரணம் தெளிவானது. அது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. கோடீன் என்ற வலி மருந்தைப் பல பத்தாண்டுகள் குழந்தைகளுக்குச் சாதாரணமாக எழுதிவந்தார்கள். சில குழந்தைகளின் உடல், மரபணு வேறுபாட்டால், கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடுகிறது. டான்சில் அறுவை முடிந்து வீடு திரும்பிய அத்தகைய சில குழந்தைகள், சரியான அளவு மருந்தே கொடுக்கப்பட்டும், மூச்சு அடங்கி இறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கோடீன் கூடவே கூடாது என்றது. எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போடத் தெரிவது அவசியம். ஆனால் அந்தக் கணக்கு சரியாக இருந்தும் குழந்தை ஆபத்தில் இருக்கலாம் என்பதை அறிந்திருப்பதே குழந்தை மருந்தியலின் சாரம்.

மருந்தியலைப் புத்தகத்தில் ஓரளவு கற்றுவிடலாம். காய்ச்சலை அப்படிக் கற்க முடியாது. இரண்டு வயதுக் குழந்தை காய்ச்சலோடு வருகிறது. மூக்கு ஒழுகுகிறது, இருந்தும் அறையில் உள்ள பொம்மையைப் பிடுங்கி விளையாடுகிறது. பெரும்பாலும் அது வைரஸ் காய்ச்சல். பெற்றோருக்குத் தைரியம் சொல்லி, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று விளக்கி அனுப்பலாம். அதே காய்ச்சல் பதினைந்து நாள் குழந்தைக்கு வந்தால் கதையே வேறு. குழந்தை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி 2021-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 8 முதல் 21 நாள் வரையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரத்தம், சிறுநீர், தண்டுவட நீர் மூன்றையும் சோதித்து, மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். 22 முதல் 28 நாள் வரை ஒரு வழி; 29 முதல் 60 நாள் வரை இன்னொரு வழி. இந்த நெறிமுறையை மனப்பாடம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். நெறிமுறை கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. மூன்று மாதக் குழந்தை, காய்ச்சல் அதிகமில்லை, சோதனை முடிவுகளில் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் அழுகை சரியாக இல்லை, பார்வை நிலைகொள்ளவில்லை, தாய் ‘என் பிள்ளை இப்படி இருக்கமாட்டான்’ என்கிறாள். இந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று உணரும் கண் எப்படி வருகிறது? நலமாக உள்ள நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்தபின்தான் நலமற்ற ஒன்று தனித்துத் தெரியும். அதுவும், தாம் நினைத்தது சரியா தவறா என்று அருகிலிருக்கும் ஒருவர் அப்போதைக்கப்போதே சொல்லித் திருத்தினால்தான் அந்தக் கண் கூர்மையடையும்.

குழந்தை தன் நோயைச் சொல்லாது. பிறர் சொல்வதை வைத்துத்தான் அறிய வேண்டும். தாய் ஒன்று சொல்வாள், பாட்டி ஒன்று சொல்வாள், குழந்தையின் உடல் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். பதினான்கு வயது வந்தால் நிலைமை தலைகீழ்: பெற்றோர் அறையில் இருக்கும்வரை பிள்ளை வாய் திறக்காது, அவர்களை மரியாதையோடு வெளியே அமரச் சொல்லிவிட்டுப் பேசத் தெரிய வேண்டும். எழுத்தில் இருக்கும் எந்தப் பாடமும் இந்தச் சந்தர்ப்பங்களைத் தராது. செயற்கைப் பொம்மைகளைக் கொண்ட பயிற்சிக்கூடங்கள் இன்று மிகச் சிறப்பாக வளர்ந்துள்ளன. மூச்சுக்குழாய் செருகவும், இதயம் நின்றுவிட்டால் குழுவாக இயங்கவும் அவற்றில் கற்கலாம். அஞ்சி நிற்கும் தாயை அவை தருவதில்லை.

இப்போது அமெரிக்காவில் இந்தப் படிப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். 1970-களில் நாடெங்கும் முளைத்த சான்றிதழ் பயிற்சிகள் கால அளவிலும் தரத்திலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர்கள் 1973-இல் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். தகுதித் தேர்வு நடத்தும் வாரியமும் அடுத்த சில ஆண்டுகளில் உருவானது. மெல்ல மெல்ல முதுகலைப் பட்டமே நுழைவுத் தகுதியானது. இது நல்ல மாற்றம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2008-இல் செவிலிய அமைப்புகள் சேர்ந்து வகுத்த பொது உடன்பாட்டு மாதிரி, உரிமம், கல்லூரி அங்கீகாரம், தேர்வு, பாடத்திட்டம் நான்கையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தது. உயர்நிலை உடலியங்கியல்-நோயியல், உயர்நிலை மருந்தியல், உயர்நிலை உடல் பரிசோதனை ஆகிய மூன்றும் எல்லோருக்கும் கட்டாயமாயின. குழந்தைப் பிரிவு இரண்டாகப் பிரிந்தது: ஊர்க் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கும் முதல்நிலைக் கவனிப்பு ஒன்று, மருத்துவமனையில் தீவிர நோயுற்ற குழந்தைகளைப் பார்ப்பது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு. இவற்றோடு மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டிய நேரம் குறைந்தது 500 மணி என்று நெடுங்காலம் இருந்தது. 2022-இல் வந்த தேசியத் தரநெறி அதை 750 ஆக்கியது; பொம்மைப் பயிற்சியை இந்த 750-க்குள் கணக்குக் காட்டக் கூடாது என்றும் சொன்னது. இந்தத் திருத்தத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் 750 மணி என்பது வாரம் 40 மணி என்று பார்த்தால் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை.

இதற்கிடையில் பட்டத்தின் பெயர் மேலே போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகளின் கூட்டமைப்பு, நர்ஸ் பிராக்டிஷனராவதற்குச் செவிலியப் பயிற்சி முனைவர் பட்டமே வேண்டும் என்று 2004-இல் தீர்மானித்து, 2015-ஐ இலக்காக வைத்தது. இலக்கு தவறியது. பின்பு நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் அமைப்பு 2018-இல் அதே கருத்தை வலியுறுத்தி 2025 என்று கெடு குறித்தது. இந்தப் பட்டத்துக்கு, இளங்கலைக்குப் பின் மொத்தம் 1000 மணிப் பயிற்சி வேண்டும் என்று வகுக்கப்பட்டது. ஆனால் அந்த ஆயிரத்தில் தர மேம்பாடு, நிர்வாகம் போன்ற திட்டப்பணிகளுக்கும் இடமுண்டு. இதில் என்ன நடந்தது என்பதை மேரி முண்டிங்கரின் எழுத்தைக் கொண்டே சொல்கிறேன். அவர் கொலம்பியா பல்கலைக்கழகச் செவிலியப் பள்ளியின் தலைவராக இருந்தவர். நோயாளியைக் கவனிக்கும் முனைவர் பட்டம் வேண்டும் என்று முன்னின்று வாதாடியவர். 2019-இல் அவரும் ஒரு சக ஆய்வாளரும் நாட்டில் உள்ள அத்தகைய படிப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவானவைதாம் நோயாளிக் கவனிப்பில் பயிற்சி தருபவை. மற்றவை எல்லாம் நிர்வாகம், தலைமைத்துவம் போன்ற துறைகள். அந்தப் பட்டத்துக்காகப் போராடியவரே இதை நெருக்கடி என்று எச்சரித்திருக்கிறார் என்றால், அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஏன் இப்படி ஆயிற்று? வகுப்பறையை விரிப்பது கல்லூரிக்கு எளிது. இணையவழியில் ஒரே பேராசிரியர் நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் நடத்தலாம். குழந்தைநல மருத்துவரோ மூத்த நர்ஸ் பிராக்டிஷனரோ ஒரு மாணவரை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால் அன்றைக்குப் பார்க்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையும். அந்த நேரத்துக்குப் பெரும்பாலான இடங்களில் யாரும் பணம் தருவதில்லை. மருத்துவர்கள் படிப்பு முடித்து மருத்துவமனையில் பெறும் ரெசிடென்சிப் பயிற்சிக்கு அமெரிக்க அரசு மெடிகேர் என்ற தன் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகப் பெருந்தொகை கொடுக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்கு அப்படி ஒரு நிலையான வழி இல்லை. விளைவு, பல கல்லூரிகள் வழிகாட்டியைத் தேடும் பொறுப்பை மாணவர் தலையிலேயே போடுகின்றன. கட்டணம் கட்டிச் சேர்ந்த மாணவர், தமக்குக் கற்பிக்க வருமாறு கிளினிக் கிளினிக்காகக் கேட்டு அலைகிறார். வழிகாட்டிகளுக்கு வரிச்சலுகை தந்து ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் இதைச் சரிசெய்யப் பார்த்திருக்கின்றன. முயற்சி நல்லதுதான், அளவு போதாது. குழந்தைப் பிரிவில் இந்தப் பற்றாக்குறை இன்னும் கடுமை. குழந்தைகளைப் பார்க்கும் இடங்கள் குறைவு, அவற்றுக்கு மருத்துவ மாணவர்களும் ரெசிடென்டுகளும் போட்டி. அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர்களில் குழந்தைப் பிரிவில் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பெரும்பான்மையோர் எல்லா வயதினரையும் பார்க்கும் குடும்பப் பிரிவினர். குழந்தைகளில் தொடங்கிய ஒரு தொழிலில் இன்று குழந்தைகளுக்கான பயிற்சியே சிறுபான்மையாகிவிட்டது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, மருத்துவர் சங்கங்களிலிருந்து வருவது. குழந்தைநல மருத்துவர் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆண்டு ரெசிடென்சியும் முடித்து வருகிறார். 750 மணி அதற்கு எந்த வகையில் ஈடாகும்? ஈடாகாதுதான். நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. கேள்வி, தம் எல்லைக்குட்பட்ட பணியை நர்ஸ் பிராக்டிஷனர் பாதுகாப்பாகச் செய்கிறாரா என்பது. இதற்குச் சான்றுகள் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பர்லிங்டன் என்ற ஊரில், குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து, ஒரு பகுதியை மருத்துவரும் மற்றொரு பகுதியை நர்ஸ் பிராக்டிஷனரும் கவனிக்கும்படி செய்த ஆய்வு 1974-இல் வெளியானது. நர்ஸ்கள் தம்மிடம் நடந்த சந்திப்புகளில் மூன்றில் இரண்டு பங்கை மருத்துவரிடம் அனுப்பாமலே கையாண்டார்கள். உடல்நலமும் மனநிலையும் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. நியூயார்க்கில் முண்டிங்கர் குழு 1,316 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு, 2000-இல் வெளியானபோது, அதுவும் வேறுபாடு காணவில்லை. 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நோயாளிகளின் நலம் குறைந்ததாகக் காணவில்லை, அவர்களின் மனநிறைவு சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

இந்தச் சான்றுகளை என் பக்கத்துக்கு மட்டும் சாதகமாகப் படித்துவிட நான் விரும்பவில்லை. இவற்றில் பல பெரியவர்களைப் பற்றியவை. நியூயார்க் ஆய்வு முழுக்கப் பெரியவர்களைப் பற்றியது. அவற்றில் பங்கேற்ற நர்ஸ்களும் அனுபவம் பெற்றவர்கள். நேற்று இணையவழிப் படிப்பை முடித்து, அதற்கு முன் வார்டில் ஒரு நாள்கூடப் பணிபுரியாத ஒருவருக்கு இந்த முடிவுகளைச் சான்றாகக் காட்டினால் அது நியாயமாகாது. வேறு துறையில் பட்டம் பெற்றவரை நேரடியாகச் சேர்த்து, சுமார் மூன்றாண்டில் நர்ஸாகவும் நர்ஸ் பிராக்டிஷனராகவும் ஆக்கும் படிப்புகள் இன்று அங்கே உண்டு. 500 மணி என்ற பழைய கணக்கு, மாணவர் ஏற்கெனவே பழகிய நர்ஸ் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. அந்த அடித்தளத்தை எடுத்துவிட்டால் மணிக்கணக்கு பன்மடங்கு உயர வேண்டும். இந்த இடத்தில் மருத்துவர்களின் கவலை நியாயமானது. செவிலியத்தை நேசிப்பவர்களே அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பழமை; திறமையைத்தான் அளக்க வேண்டும், சிலர் 300 மணியில் கற்பார்கள், சிலருக்கு ஆயிரமும் போதாது என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மணி ஓடிக்கொண்டிருக்க, மூலையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வரும் மாணவரும் உண்டு. அதனால்தான் எத்தனை மணி என்பதோடு யார் பார்வையில் என்றும் கேட்கிறேன். மாணவர் எத்தனை பச்சிளங் குழந்தைகளைப் பரிசோதித்தார், எத்தனை மூச்சிரைப்புக் குழந்தைகளுக்குச் சிகிச்சை முடிவெடுத்தார், எத்தனை முறை அவர் முடிவை வழிகாட்டி மாற்றினார், ஏன் மாற்றினார் என்று பதிவேடு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பதிவேடு வரும்வரை மணிக்கணக்கைக் கைவிட்டால், திறமையை அளக்கிறோம் என்ற பெயரில் ஒன்றையும் அளக்காமல் விட்டுவிடுவோம். கோட்பாட்டுக் கல்வி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கோடீன் ஏன் கொன்றது என்று அறிய மரபியல் வேண்டும். ஓர் ஆய்வுக் கட்டுரையை எடைபோடப் புள்ளியியல் வேண்டும். வகுப்பில் படித்ததை வாரத்துக்குள் ஒரு குழந்தையிடம் பயன்படுத்தும்படி இரண்டும் பின்னிச் செல்லவேண்டும் என்பதே என் கோரிக்கை.

மூன்றாவது மறுப்பு மனத்தைத் தொடுவது. ஏழைக் குழந்தைக்கு நர்ஸ், பணக்காரக் குழந்தைக்கு மருத்துவர் என்று இரண்டு தட்டு ஆகிவிடாதா? ஆகக்கூடும், பயிற்சி அரைகுறையாக இருந்தால் நிச்சயம் ஆகும். கொலராடோவில் தொடங்கியபோது எதிரே இருந்த நிலைமை, நர்ஸா மருத்துவரா என்ற தேர்வாக இருக்கவில்லை. பயிற்சி பெற்றவரா அல்லது யாருமே இல்லையா என்பதாக இருந்தது. நல்ல பயிற்சியும், சிக்கலான குழந்தையை மருத்துவரிடம் தாமதமின்றி ஒப்படைக்கும் உறுதியான இணைப்பும் இருந்தால் ஏழைக் குழந்தை இழப்பது எதுவுமில்லை. இணைப்பு இல்லையென்றால் எத்தனை நல்ல நர்ஸாலும் காப்பாற்ற முடியாத குழந்தைகள் உண்டு.

பயிற்சி மட்டும் இருந்து, அதைப் பயன்படுத்தும் உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பர்லிங்டனே சாட்சி. அந்த ஆய்வு வெற்றிபெற்றும், நர்ஸ் தனியாகச் செய்த சேவைக்குக் காப்பீட்டில் கட்டணம் கேட்க அன்றைய விதிகள் இடம்தராததால் கிளினிக்கின் வருமானம் குறைந்தது. 1980-களில் கனடாவில் இத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் மூடப்பட்டன. மீண்டும் உயிர்பெறப் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 1971-இல் முதன்முதலாக நர்ஸ்கள் நோயறிந்து சிகிச்சை தருவதைச் சட்டத்தில் ஏற்றது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் முழு உரிமை தருகின்றன. டெக்சாஸ் போன்றவை இன்னும் மருத்துவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேட்கின்றன. ஒரே படிப்பு, ஒரே தேர்வு, எல்லை தாண்டினால் வேறு அதிகாரம். இது குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி வகுக்கப்பட்ட ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தியச் செவிலியக் குழுமம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலையை, ரெசிடென்சி வடிவில், கடந்த பத்தாண்டையொட்டிய காலத்தில் அறிமுகப்படுத்தியிருக்கிறது. மகப்பேற்றுக்கான நர்ஸ் பிராக்டிஷனர்களை 18 மாதப் பயிற்சியில் உருவாக்கும் நெறிகளை மத்திய அரசு 2018-இல் வெளியிட்டது. குழந்தைகளுக்கு நம்மிடம் முக்கியமாக இருப்பது குழந்தைநலச் செவிலியத்தில் இரண்டாண்டு எம்.எஸ்சி. அதைப் படித்தவர்களில் பலர் செவிலியர் கல்லூரிகளில் ஆசிரியராகச் செல்கிறார்கள். ஆசிரியப் பணி உயர்ந்தது. ஆனால் குழந்தைகளைப் பற்றி இந்த அளவுக்குப் படித்த ஒருவர் குழந்தைகளிடமிருந்து விலகிப்போவதுதான் முன்னேற்றப் படி என்று இருக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் பிறப்புக்கு ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகள் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. தமிழ்நாடு இந்த நிலையை எட்டியதில் கிராமச் சுகாதார நர்ஸ்களின் பங்கும், பச்சிளங் குழந்தைச் சிறப்புப் பிரிவுகளில் இரவு பகல் விழித்திருக்கும் நர்ஸ்களின் பங்கும் பெரிது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கொலராடோவைப் போலவே இங்கும் அவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்; பல நேரங்களில் பெயர் இன்றி, பாதுகாப்பு இன்றி.

ஆகவே பாடத்திட்டம் வகுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு நம் நாட்டில் ஒருநாள் வரத்தான் போகிறது. அது வரும்போது, வார்டில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர்களையே சேருங்கள். மேற்பார்வை நேரத்தை அமெரிக்காவின் குறைந்தபட்ச அளவோடு நிறுத்திவிடாதீர்கள். கற்றுத்தரும் மருத்துவருக்கும் மூத்த நர்ஸுக்கும் அந்த நேரத்துக்கு ஊதியம் ஒதுக்குங்கள். வழிகாட்டியைத் தேடி மாணவரை அலையவிடாதீர்கள். என்ன மருந்து எழுதலாம், எந்தக் குழந்தையை எப்போது யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதை, முதல் மாணவர் சேருவதற்கு முன்பே சட்டத்தில் எழுதி வையுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களும் தங்கள் கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: படிப்பு முடியும்போது நான் எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்திருப்பேன், அப்போது என் அருகில் யார் நின்றிருப்பார்? தெளிவான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.